'வால்' என்னும் பெயர்: ஆர்.கே. நாராயணின் முதல் நாவலில் பள்ளி நட்பும் சிறுவனின் அச்சமும்

ஆர்.கே. நாராயணின் (1906–2001) முதல் நாவலான 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' 1935ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. கிரகாம் கிரீனின் பரிந்துரையால் அச்சேறிய இந்நாவல் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இருவழிப்பட்டவை. மால்குடி என்னும் கற்பனை ஊரின் அமைப்பையும் நாவலின் நகைச்சுவையையும் போற்றுவது ஒருவழி. மிஷன் பள்ளி, 1930 ஆகஸ்டில் நிகழ்வதாகக் காட்டப்படும் மறியல், கிரிக்கெட் ஆகியவற்றைக் கொண்டு காலனியத்தின் சாயலைத் தேடுவது மற்றொரு வழி. இரண்டும் பயனுடையனவே. ஆயினும் இவற்றில் சுவாமிநாதன் என்னும் பத்து வயதுச் சிறுவனின் அச்சம் வேடிக்கையாகவோ குறியீடாகவோ மாற்றப்பட்டுவிடுகிறது. அவ்வச்சம் எதைப் பற்றியது என்னும் எளிய வினா எழுப்பப்படுவது அரிது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குத் தெய்வம், விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். நாவலின் பிற்பகுதியில் இவற்றுள் மூன்றனைக் காணலாம். தலைமையாசிரியரின் பிரம்புக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடும் சுவாமிநாதன், மெம்பிக் காட்டுச் சாலையில் இருள் சூழ்ந்தபின் கொடுவிலங்குகளையும் பேய்களையும் கற்பனை செய்து நடுங்குகிறான். வாசகர் எளிதில் அடையாளம் காணும் அச்சம் இது. எனினும் நாவல் முழுவதும் அவனைத் தொடர்வது இதுவன்று. நேற்றுவரை தோழனாயிருந்தவன் இன்று முகம் திருப்பிக்கொள்வானோ என்னும் கலக்கமே அவனைத் தொடர்வது. இலக்கண நெறியில் இதற்கு இடம் தேடினால் அச்சத்தைவிட, அழுகைக்குரிய இளிவும் இழவும், ஏனைய முப்பத்திரண்டனுள் வரும் ஐயமும் நடுக்கும் பொருத்தமானவை எனலாம்.

இக்கலக்கத்தின் தொடக்கம் 'வால்' பற்றிய இயலில் உள்ளது. காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளரின் மகனான ராஜம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறான். முதலில் மணிக்கும் அவனுக்கும் பகை. சுவாமிநாதன் இருவரிடையே தூதன். பகை நட்பாக மாறியபின் சுவாமிநாதன் ராஜத்துடனேயே திரிகிறான். பழைய தோழர்களான சோமு, சங்கர், 'பட்டாணி' எனப்படும் சாமுவேல் ஆகியோர் அவனுக்கு 'ராஜத்தின் வால்' என்று பெயரிட்டு விலக்கி வைக்கின்றனர். அது அவன் வாழ்வில் அனேகமாக முதல் அதிர்ச்சியாக இருக்கலாம் என்று கதைசொல்லி குறிப்பிடுகிறார். எப்போதும் சற்றே புன்னகையோடு விலகி நிற்கும் அக்குரல் இவ்விடத்தில் புன்னகையைக் கைவிடுவது கருதத்தக்கது.

இழப்பின் அளவை அறியச் சாமுவேலை நோக்க வேண்டும். சோமு வகுப்புத் தலைவன், மணி வலியவன், சங்கர் அறிவாளி. சாமுவேலுக்கு இத்தகைய சிறப்பெதுவும் இல்லை. இருவரும் ஒன்றைக் கண்டு ஒருசேரச் சிரிக்க முடிந்தது என்பதே அவர்தம் நட்பின் அடிப்படை. வலிமையையும் அறிவையும் வேறொருவனிடம் பெறலாம். பிறர்க்கு வேடிக்கையாகத் தோன்றாத ஒன்றைக் கண்டு உடன் சிரிப்பவனை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. அவனும் மறுபக்கம் சேர்ந்துவிட்டான் என்பதே இங்குக் கொடுமை.

'வால்' என்னும் சொல் தமிழில் தரும் சிக்கலும் இங்குச் சுட்டத்தக்கது. தமிழ் வீடுகளில் குழந்தையை 'வால்' என்பது குறும்பைச் சுட்டும் செல்லப்பெயர். அதில் இகழ்ச்சியினும் பெருமையே மிகுதி. நாவலில் அது தனக்கென இருப்பு இல்லாமல் இன்னொருவன் பின்னால் ஒட்டித் தொங்குபவன் என்னும் வசை. தமிழாக்கத்தில் சொல்லை அப்படியே வைத்தால் வசையின் கூர் மழுங்கும். 'எடுபிடி' என்றால் பெரியோர் உலகின் வாடை வந்துவிடும். அன்றியும், தமிழ்ச் சிறுவர்க்குப் பிணக்கிற்கெனவே 'காய்', இணக்கத்திற்கெனவே 'பழம்' என்னும் வழக்குகள் உள. காய் விட்டவன் அதை அறிவித்தே விடுகிறான். அறிவிக்கப்பட்ட பிணக்கைப் பழம் விட்டுத் தீர்க்கவும் வழியுண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நாவலின் சிறுவர்களுக்கு இவ்வழக்கு வாய்க்கவில்லை. அவர்களிடம் இருப்பவை பட்டப்பெயரும் மௌனமும். எப்போது முடியும் என்று சொல்லப்படாத மௌனமே பதற்றத்தை வளர்க்கிறது.

நட்பு முறிந்திருக்கும் அக்காலத்தில் சுவாமிநாதன் காகிதப் படகொன்றில் எறும்பை ஏற்றிச் சாக்கடையில் மிதக்கவிடும் காட்சி வருகிறது. படகு கவிழ்கிறது. எறும்பைக் காணாத சிறுவன் ஒரு சிட்டிகை மண்ணெடுத்து, அதன் ஆன்மாவுக்காக வேண்டி நீரில் இடுகிறான். இதனைச் சிறுவர் விளையாட்டின் இயல்பான சித்திரமாகவே கொள்வது எளிது. விலக்கப்பட்டதைப் பற்றித் தாயிடமோ பாட்டியிடமோ அழுது புலம்பாத ஒருவன் எறும்புக்குச் சடங்கு செய்கிறான் என்பதை மனங்கொண்டால் அதன் பொருள் வேறாகிறது. ஆசிரியர் இரண்டையும் இணைத்து ஒரு சொல்லும் கூறவில்லை. அவ்வடக்கமே இந்நாவலின் தலையாய வலிமை.

இனி, நட்புகள் ஏன் மாறுகின்றன என்பதை நோக்கலாம். திருக்குறள் நட்பாராய்தல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. ஆராய்ந்து கொள்ளவும் வேண்டாதவழி விலகவும் உரிமையுடைய வளர்ந்தோரின் நட்பு அது. பள்ளிச் சிறுவனுக்கு அவ்வுரிமை குறைவு. ராஜம் மால்குடிக்கு வருவது தந்தையின் பணி காரணமாக. சங்கர் பிரிவது அவன் தந்தைக்கு மாற்றல் வந்ததால். சோமு ஒதுங்குவது தேர்வில் மேல்வகுப்புக்கு ஏற்றப்படாததால். இறுதியில் ராஜம் ஊரைவிட்டுச் செல்வதும் மாற்றல் ஆணையால். அலுவலகத்திலும் பள்ளி அறிவிப்பிலும் எழுதப்படும் தாள்கள் சிறுவரைச் சேர்க்கின்றன, பிரிக்கின்றன. சுவாமிநாதனோ ஒவ்வொரு பிரிவிலும் தன் குற்றத்தைத் தேடுகிறான்.

ராஜத்தைப் பொறுத்தவரை குற்றம் ஓரளவு உண்மையானதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு ஓடியதால் சுவாமிநாதன் கிரிக்கெட் ஆட்டத்துக்கு வரவில்லை, அணி தோற்றது, ராஜம் பேச மறுத்தான். ஆனால் பிரம்படிக்கு அஞ்சி ஓடியவனின் நிலையை ராஜம் ஒருமுறையேனும் கேட்டறிந்தானா? முன்பு பரிசுப்பொருள்களைக் காட்டி எதிரிகளைச் சேர்த்துவைத்தவனும் இவனே. கொடுக்கவும் பறிக்கவும் வல்ல கை எப்போதும் ஒருவனிடமே இருக்கிறது. ராஜத்தைக் கண்டிப்பான, நேர்மையான தலைவனாகக் காணும் வாசிப்பு அவன் தந்தையின் அதிகாரத்துக்கு மயங்கிய வாசிப்பாகவே படுகிறது. சுவாமிநாதனுக்கு அம்மயக்கம் இருந்தது. திறனாய்வாளர்க்கும் இருக்க வேண்டுவதில்லை.

இறுதி இயலில் சுவாமிநாதன் ஆண்டர்சனின் தேவதைக் கதை நூலொன்றைப் பிரிவுப் பரிசாகத் தேர்கிறான். ஆங்கிலச் சொற்கள் கடினமாக இருந்ததால் அவனே படிக்க இயலாமல் விட்ட நூல் அது. அன்புமிக்க நண்பன் ராஜத்துக்கு என்று அதில் எழுதுகிறான். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இக்கதை இடம்பெற்ற தொகுதிக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அதில் பிற சிறுவர்க்குக் கிடைத்த டைரி தனக்குக் கிடைக்காத சாரங்கன், கதைசொல்லியைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். தானே ஒரு டைரியை எடுத்துவந்து, தன் பெயரிட்டு அன்பளிப்பு என எழுதித் தருமாறு வேண்டுகிறான். அவன் நண்பன் வளர்ந்த ஒருவர், சூழலும் பள்ளியன்று. ஆயினும் இரு சிறுவரும் அன்பு உண்டு என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று நாடுகின்றனர். சாரங்கனுக்கு அச்சான்றைக் கேட்டுப் பெறும் துணிவு இருந்தது. சுவாமிநாதன் தன் அன்பைத் தானே எழுதிக் கொடுக்க மட்டுமே வல்லவன்.

புகைவண்டி நிலையத்தில் அதையும் அவனால் நேரில் கொடுக்க முடியவில்லை. வண்டி நகரும்போது மணியே வாங்கிக் கொடுக்கிறான். ராஜம் கடிதம் எழுதுவானா என்று கேட்கும் சுவாமிநாதனுக்கு, எழுதுவதாகச் சொன்னான் என மணி விடையிறுக்கிறான். தன் முகவரி அவனுக்குத் தெரியாதே என்பது அடுத்த ஐயம்; தெரியும் என்றான் என்கிறான் மணி. சுவாமிநாதன் அவன் முகத்தை நிமிர்ந்து நோக்குகிறான். எதையும் மறைக்கத் தெரியாத மணியின் முகத்தை இம்முறை அவனால் படிக்க இயலவில்லை. நாவல் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.