முதலில் யாரிடம் சொன்னாள்?: ஓசுவின் ‘கோடைத் தொடக்கம்’

கல்யாணச் செய்தி ஒன்றில் இரண்டு சேதிகள் இருக்கின்றன. யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. அது யாருக்கு முதலில் தெரிந்தது என்பது இன்னொன்று. முதல் சேதியால் வருகிற கோபம் பேரக்குழந்தை பிறந்ததும் ஆறிவிடும். இரண்டாவதால் வருவது அவ்வளவு சுலபத்தில் ஆறாது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்று இருபது வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுகிற ஒரு அத்தையாவது நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

யசுஜிரோ ஓசு 1951இல் எடுத்த ‘பகுஷூ’ படத்தை இதுவரை நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது சேதியைப் பற்றிய படமாகத்தான் அது எனக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘ஏர்லி சம்மர்’. ஜப்பானியத் தலைப்பு வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும் பருவத்தைக் குறிக்கிறது. அது கோடை தொடங்கும் சமயம் என்பதால் ஆங்கிலத்தில் அப்படி ஆகிவிட்டது. ‘லேட் ஸ்பிரிங்’ (1949), ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) இரண்டுக்கும் நடுவில் வந்த படம். மூன்றிலும் செட்சுகோ ஹாரா நடித்த பெண்ணின் பெயர் நோரிகோ. மற்ற இரண்டைப் பற்றி எழுதுகிற அளவுக்கு நாம் இதைப் பற்றி எழுதுவதில்லை. ஏன் என்று ஊகிக்க முடிகிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் ஒரு சாவு இருக்கிறது, ‘லேட் ஸ்பிரிங்’கில் தனித்துவிடப்பட்ட ஒரு அப்பா இருக்கிறார். இதில் இருப்பது ஒரு வரன், ஒரு வேலை மாற்றம், கொஞ்சம் கேக். ஆனால் இருபத்தெட்டு வயதுக்கு மேல் நம்மில் பலருடைய வாழ்க்கையிலும் அவ்வளவுதானே இருக்கிறது?

*

கதை எளிமையானது. கமகுராவில் மமியா குடும்பம். வயதான அப்பா அம்மா, மருத்துவரான மூத்த மகன் கோய்ச்சி, அவர் மனைவி ஃபுமிகோ, அவர்களுடைய இரண்டு வாலுப் பையன்கள், பிறகு நோரிகோ. நோரிகோவுக்கு இருபத்தெட்டு. டோக்கியோவில் ஒரு கம்பெனி மேலாளரிடம் செயலாளராக வேலை. தினமும் கிட்டா-கமகுரா ஸ்டேஷனில் ரயிலேறிப் போகிறாள். நடுவில் இன்னொரு மகன் இருந்தான், ஷோஜி. போருக்குப் போனவன் திரும்பவில்லை. இறந்ததாகவும் செய்தி இல்லை.

மேலாளரே நோரிகோவுக்கு ஒரு வரன் சொல்கிறார். நல்ல குடும்பம், நல்ல பதவி, வயது மட்டும் நாற்பதைத் தொட்டுவிட்டது. அண்ணனுக்குப் பிடித்துவிடுகிறது. அம்மாவுக்கு அந்த வயது உறுத்துகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் நோரிகோவைப் பற்றி விசாரித்துப் போகிறார்கள். பக்கத்து வீட்டு தாமி என்ற விதவை அம்மாள் அதைச் சொல்வதற்காகவே வருகிறாள். தான் நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினேன் என்கிறாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் என்பது இந்த இடத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது.

அந்த தாமியின் மகன் கென்கிச்சியும் மருத்துவர். மனைவியை இழந்தவர், சின்ன மகள் இருக்கிறாள். ஷோஜியின் பள்ளிக்காலத் தோழர். அவருக்கு வடக்கே அகிதாவில் ஒரு மருத்துவமனையில் புது வேலை கிடைக்கிறது. அவர் கிளம்புவதற்கு முந்தைய இரவு நோரிகோ விடைகொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போகிறாள். அவர் வெளியே போயிருக்கிறார். பேச்சுவாக்கில் தாமி, கோபித்துக்கொள்ளாதே என்ற பீடிகையோடு, உன்னை மாதிரி ஒருத்தி என் மகனுக்கு வாய்த்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன் என்று சொல்கிறாள். அது வேண்டுகோள் இல்லை. கைகூடாத ஆசையை ஊரைவிட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போவது, அவ்வளவுதான். என்னைப் போல வயதேறிய ஒருத்தி போதுமா என்று நோரிகோ திருப்பிக் கேட்கிறாள். தாமிக்குப் புரியவே கொஞ்ச நேரமாகிறது. புரிந்ததும் அழுகிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குச் சொல்லத் தோன்றுவது, பயறு பூரணம் வைத்த பன் சாப்பிடுகிறாயா என்பதுதான்.

ஹருகோ சுகிமுரா இந்தக் காட்சியில் நடித்திருப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பெரிய செய்தி கிடைத்தவர்கள் சின்ன விஷயத்தைத்தான் பேசுவார்கள் என்பது ஓசுவுக்கும் அவரோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடாவுக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதே இடத்தில் “காப்பி போடட்டுமா” என்பார்கள்.

*

இப்போது அந்த வரிசையைப் பாருங்கள். இந்தக் கல்யாணம் முதலில் தெரிந்தது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு. நோரிகோ வெளியே வரும்போது வழியில் கென்கிச்சியையே பார்க்கிறாள். இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்! இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவருடைய வாழ்க்கையையும் சேர்த்து முடிவெடுத்திருக்கிறாள். அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வீட்டுக்குள் போன பிறகு தன் கல்யாணத்தைத் தன் அம்மா வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சந்தோஷம்தானே என்று அம்மா கேட்க, சந்தோஷம்தான் என்கிறார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று நான்கு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்ததுதான் நோரிகோவின் சொந்த வீடு. அங்கே நடப்பது ஏறக்குறைய ஒரு விசாரணை. அண்ணன் கேள்வி கேட்கிறார், அம்மா மனசு விட்டுப்போகிறாள், அப்பா அதிகம் பேசுவதில்லை. கென்கிச்சியை அவர்களுக்குப் பிடிக்காது என்பதில்லை. அவரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லமுடியாது, அண்ணனுக்கு வேண்டியவர்தான். அவர்களைப் புண்படுத்துவது அந்தச் செய்தி முடிந்துபோன செய்தியாக வந்து சேர்ந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசி எடுக்கவேண்டிய முடிவை ஒருத்தி ஒரு ராத்திரியில் பக்கத்து வீட்டில் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இந்தப் படத்துக்கு இரண்டு வாசிப்புகள் வழக்கமாக உண்டு. ஒன்று, நோரிகோ புதிய ஜப்பானின் பெண், குடும்பத்தின் அதிகாரத்தை மீறித் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். இதற்கு வரலாற்று ஆதாரம் இருக்கிறது. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 24ஆவது பிரிவு, திருமணம் ஆண் பெண் இருவரின் சம்மதத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்கிறது. அதையொட்டி மாற்றப்பட்ட குடிமைச் சட்டம் குடும்பத் தலைவரின் பழைய அதிகாரத்தை நீக்கியது. நாலு வருஷம் கழித்து வந்த படம் இது. பெண்கள் போருக்குப் பிறகு துடுக்காகிவிட்டார்கள் என்று அண்ணன் முணுமுணுக்க, இதுவரை ஆண்கள்தான் அப்படி இருந்தார்கள் என்கிற மாதிரி நோரிகோ மடக்குவதும் படத்தில் இருக்கிறது.

இரண்டாவது வாசிப்பு நேரெதிர். கென்கிச்சி என்பவர் உண்மையில் ஷோஜிக்குப் பதிலாள். காணாமல் போன அண்ணனின் தோழனைக் கட்டிக்கொண்டு நோரிகோ துக்கத்தை முடித்துவைக்கிறாள். இதற்கும் ஆதாரம் உண்டு. ஷோஜியோடு வந்து உட்கார்ந்த தேநீர்க்கடை மேசையில் கென்கிச்சி நோரிகோவோடு உட்கார்ந்து பேசுகிறார். போர்முனையிலிருந்து ஷோஜி எழுதிய ஒரு கடிதம் தன்னிடம் இருக்கிறது, அதற்குள் ஒரு கோதுமைக் கதிர் இருந்தது என்கிறார். அதை எனக்குத் தருவீர்களா என்று அவள் கேட்கிறாள். படத்தின் தலைப்பே அந்தக் கதிரில்தான் இருக்கிறது.

இரண்டுமே சரி, ஆனால் இரண்டுக்கும் அந்த ராத்திரியின் வரிசை உதைக்கிறது. துணையைத் தேர்ந்தெடுக்கிற புதுமைப்பெண் என்றால், சம்மதம் கேட்கப்படவேண்டிய இருவரில் ஒருவரான கென்கிச்சி எங்கே? சட்டம் சொன்ன இருவரின் சம்மதம் இங்கே இரண்டு பெண்களின் சம்மதமாக இருக்கிறது. துக்கம்தான் காரணம் என்றால், தேநீர்க்கடையிலேயே அவள் மனசு தீர்மானித்திருக்க வேண்டும். அப்படித் தெரியவில்லை. தாமி சொல்லும்வரை நோரிகோவுக்கே அது தெரியாது என்றுதான் ஹாராவின் முகம் சொல்கிறது.

என் வாசிப்பு இது. ‘உனக்கு எது நல்லது’ என்று எல்லோரும் நோரிகோவிடம் மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘நீ வந்தால் எனக்கு நன்றாக இருக்கும்’ என்று சொன்னது தாமி ஒருத்திதான். வரன் என்பது விவரங்களின் பட்டியலாக வந்தது. வயது, பதவி, குடும்பம், போட்டோ. அந்த மாப்பிள்ளையை ஓசு கடைசிவரை நமக்குக் காட்டுவதே இல்லை. தாமியின் ஆசையில் பட்டியல் கிடையாது. நோரிகோ ஆம் என்று சொன்னது ஒரு ஆளுக்கு என்பதைவிட, அந்த மாதிரிக் கேட்கப்பட்டதற்கு.

பிறகு கடற்கரை மணல்மேட்டில் அண்ணியிடம் அவள் காரணம் சொல்கிறாள். நாற்பது வயதுவரை தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆணைவிட, ஒரு குழந்தையை வளர்ப்பவரை நம்பலாம் என்கிறாள். நல்ல காரணம்தான். ஆனால் அது பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணம் என்று எனக்குப் படுகிறது. நாம் எல்லோரும் வேலை மாறும்போது செய்வதுதானே இது? ராஜினாமாக் கடிதத்தில் ‘வளர்ச்சி’ என்று எழுதுவோம். உண்மையில் அந்தப் பக்கத்து நேர்காணலில் ஒருத்தர் நம்மை மனுஷனாக மதித்துப் பேசியிருப்பார்.

அந்த மணல்மேட்டுக் காட்சியில் கேமரா மெல்ல மேலே எழும்புகிறது. பாய் மட்டத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓசுவின் கேமராவுக்கு இது அபூர்வம். எழும்பி ஒன்றும் பெரிதாகக் காட்டுவதில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நடக்கிறார்கள், அவ்வளவே. அந்த வீட்டில் அவளுக்கு அண்ணிதான் நெருக்கம் என்பதை அதற்கு முன்பே ஒரு கேக் சொல்லிவிட்டது. கொள்ளை விலை கொடுத்து வாங்கிய கேக்கை ராத்திரியில் இருவரும் பையன்களுக்குத் தெரியாமல் சாப்பிடுகிற காட்சி. பையன் தூக்கக்கலக்கத்தில் எழுந்து வரும்போது மேசைக்கடியில் ஒளித்துவைக்கிறார்கள். செய்தியைப் பகிர்வதற்கு முன்னால் திருட்டுத்தனமாக எதையாவது பகிர்ந்திருக்கவேண்டும் போல.

*

இவ்வளவு பிடித்த படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அது வேலை பற்றியது.

கென்கிச்சிக்கு அகிதாவில் வேலை கிடைப்பது நல்ல செய்தி. வாழ்த்து, விருந்து, விடைகொடுத்தல் எல்லாம் நடக்கின்றன. அதே கல்யாணத்தால் நோரிகோ தன் வேலையை விடுகிறாள். அது படத்தில் செய்தியாகவே வருவதில்லை. யாரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவதில்லை. சிநேகிதி ஆயா கிண்டல் செய்கிறாள்: நீ மேற்கத்திய பாணி வீட்டில், ஃபிரிட்ஜில் கொக்கோகோலாவோடு வாழப்போகிறாய் என்றல்லவா நினைத்தேன் என்று. இரண்டு பேரும் அகிதா வட்டார வழக்கில் பேசிச் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கடியில் ஏதோ இருக்கிறது, ஆனால் அதுவும் நகரத்தை இழப்பது பற்றித்தான். மேலாளர் மட்டும் கடைசி நாளில் ஜன்னல் பக்கம் அவளை அழைத்து டோக்கியோவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். தினமும் ரயிலேறி வந்த அவளுடைய வருஷங்களுக்கு அந்த ஜன்னல்தான் விடைபெறும் விழா.

நான் வேலை பார்க்கும் துறையில் இந்த மின்னஞ்சலை வருஷத்துக்கு நாலு முறையாவது வாசிக்கிறேன். “திருமணமாகி வேறு ஊருக்குச் செல்வதால்” என்று தொடங்கும். கேக் வெட்டி, பூங்கொத்து கொடுத்து, குழுப் புகைப்படம் எடுப்போம். அந்தப் பெண் எழுதிய நிரலை அடுத்த திங்கட்கிழமை யாராவது ஒருத்தருக்குக் கைமாற்றுவார்கள். இதே காரணத்தைச் சொல்லி ஒரு ஆண் அனுப்பிய மின்னஞ்சலை இன்னும் நான் வாசித்ததில்லை. அதனால் 1951இன் படத்தை 1951க்காகத் திட்டமுடியாது என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. ஓசு பார்க்காமல் விட்டார் என்றும் சொல்லமுடியாது. பார்த்ததால்தான் அந்த ஜன்னலை வைத்திருக்கிறார். ஆனால் வீட்டுப் பேச்சுக்குள் அதைக் கொண்டுவரவில்லை. குடும்பத்துக்குச் செய்தியாகாத ஒன்று படத்துக்கும் செய்தியாவதில்லை. குடும்பத்தை அதன் உயரத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் கேமராவின் பலமும் எல்லையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓசு கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு வாழ்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த தகவல். கல்யாணம் வேண்டாத மனிதர் ஏன் திரும்பத் திரும்பக் கல்யாணப் படம் எடுத்தார் என்று கேட்பார்கள். அவர் எடுத்தது கல்யாணத்தை இல்லை. ‘லேட் ஸ்பிரிங்’கிலும் கல்யாணச் சடங்கு கிடையாது, இதிலும் கிடையாது. வீட்டுக்கு ஒரு செய்தி வந்த பிறகு அந்த வீடு எப்படி ஆகிறது என்பதைத்தான் எடுத்தார்.

மமியா வீடு கலைகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் யமதோவில் இருக்கும் பெரியவர் வீட்டுக்குப் போகிறார்கள். என்றைக்கும் ஒன்றாக இருக்கமுடியுமா என்று அப்பா சமாதானம் சொன்ன பிறகுதான் நோரிகோ மாடிக்குப் போய் அழுகிறாள். அண்ணன் கேள்விமேல் கேள்வி கேட்டபோது வராத அழுகை, மன்னிப்பு கிடைத்த பிறகு வருகிறது.

கடைசிக் காட்சி யமதோ. முற்றிய கோதுமை வயலுக்கு நடுவே யாரோ ஒரு மணப்பெண்ணின் ஊர்வலம் போகிறது. அது யார் வீட்டுப் பெண் என்று நமக்குத் தெரியாது. வயசான இருவரும் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் செய்தி அவர்களுக்கு யாரும் சொல்லியனுப்பியது இல்லை. கண்ணில் பட்டதால் தெரிந்துகொண்டது. தங்கள் மகள் இந்நேரம் எப்படி இருப்பாள் என்று பேசிக்கொள்கிறார்கள். முதலில் யாரிடம் சொன்னாள் என்ற கேள்வி அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழுவதில்லை.