எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

மண்வெட்டி இல்லாத வீடு சோரியாங்குப்பத்தில் அரிது. தென்பெண்ணைக் கரையிலுள்ள இவ்வூரில் அமர்ந்து, குவாய் ஆற்றங்கரைச் சிறைவாழ்வைப் பற்றி எர்னஸ்ட் கார்டன் 1962இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தேன். அதில் வரும் ஒரு மண்வெட்டியின் கதை நெஞ்சில் தைத்து நின்றுவிட்டது.

கார்டன் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அதிகாரி. 1942இல் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்கு அனுப்பப்பட்டவர். ஒருநாள் வேலை முடிந்தபின் கருவிகளை எண்ணிய காவலன், மண்வெட்டி ஒன்று குறைவதாகக் கூச்சலிடுகிறான். எடுத்தவன் முன்வராவிடில் அனைவரும் சாகவேண்டும் என்கிறான். ஒருவர் முன்வருகிறார், அவ்விடத்திலேயே அடித்துக் கொல்லப்படுகிறார். மீண்டும் எண்ணியபோது கணக்குச் சரியாகவே இருக்கிறது.

இதனை ஆசிரியர் வீரக்கதையாக ஊதிப் பெருக்காதது நூலின் சிறப்பு. பசி மனிதரைத் திருடராக்கியதையும் அவர் மறைக்கவில்லை. சாவோரைக் கிடத்தும் குடிலில் தாம் கிடந்தபோது, மெத்தடிஸ்டு ஒருவரும் கத்தோலிக்கர் ஒருவரும் தம் புண்களைக் கழுவிப் பிழைக்கவைத்ததை நன்றியோடு நினைவுகூர்கிறார். ஒருவர் மற்றவரைத் தாங்கியதால்தான் அத்துன்பத்தைத் தாங்க முடிந்தது என்பது அவர் கண்ட உண்மை.

ஆயினும், நூலை மூடியபின் ஒரு கேள்வி எழுகிறது. 415 கிலோமீட்டர் நீண்ட அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் உழைத்தனர். கார்டனின் பார்வை பெரும்பாலும் தம் தோழரையே சுற்றி நிற்கிறது. போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், நாள்தோறும் ஆள்கணக்கு எடுக்கப்பட்டது. ஆகவே, ஏறத்தாழ 60,000 பேரில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று நம்மால் சொல்ல முடிகிறது. காஞ்சனபுரியில் அவர்களின் பெயர் பொறித்த கல்லறைகளும் உள்ளன. ஆசியத் தொழிலாளரின் சாவுக்கோ மதிப்பீடுகளே உண்டு. 90,000 என்பர் சிலர். அதனினும் மிகுதி என்பர் வேறு சிலர். பெயர்கள் இல்லை.

தாம் பட்டதை எழுதியவரை இதற்காகக் குறைகூறலாகாது. பட்டும் எழுத இயலாது போனவர்களின் மௌனமே நமது இழப்பு. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய நாவல்கள் அம்மௌனத்தைக் கலைக்க முனைந்தவை. கார்டனைப் படிப்போர் இவற்றையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். அப்போதுதான் அப்பாதையின் முழுத்துயரும் புலப்படும்.

ஒரு கருவியைத் தவறாக எண்ணியதால் ஓர் உயிர் போயிற்று. மனிதரை எண்ணாமலே விட்டதால் போன உயிர்களுக்கு யார் கணக்குக் கொடுப்பது? கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், கல்லறையே வாய்க்காத அவர்களுக்காகவும் ஒன்றை ஏற்றுவோம்.