இரட்சணிய யாத்திரிகம்: துணிவும் தளர்வும்

கிறிஸ்தவத் தமிழ்க் காப்பியங்களை ஆராயப் புகுவோர், அவற்றிற் காணப்படும் கம்பனின் சாயல்களைத் தேடியெடுத்து நிரல்படுத்துவதுடன் அமைந்துவிடுவது பெருவழக்காகிவிட்டது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகமும் இதற்கு விலக்கன்று. 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்திருக்கலாம். அவர் நூலைக் கற்போரின் பார்வையை அது குறுக்கிவிட்டது என்பதும் உண்மையே. இறைவனுக்கு உகந்த வாழ்வை வாழ்வதென ஒரு சாதாரண மனிதன் துணிகிறான். துணிந்த பின்னரும் பன்முறை தளர்கிறான். இதனைப் பொருளாகக் கொண்ட கதையைக் காப்பிய மரபு எந்த அளவுக்குத் தாங்கியது என்ற வினா எழுப்பப்படவேண்டியதாகும்.

1894இல் நூலுருப் பெற்ற இக்காப்பியத்தின் மூலம், யோன் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலாகும். பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த தொழிலாளி. உத்தரவின்றிப் போதித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளளவு சிறையிலிருந்தவர். அவர் படைத்த பயணி, முதுகிற் பாவச்சுமையுடன், மனைவி மக்கள் கூப்பிடும் குரல் கேளாதவாறு காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆயின் அந்த ஓட்டம் முடிவன்று. சிலுவையின் முன் சுமை கழன்று வீழ்வது கதையின் முற்பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பின்னர்தான் அவன் உறங்குகிறான், வழி தவறுகிறான், ஐயத்தின் கோட்டையிற் சிறைப்படுகிறான். சிறையைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருந்ததை நெடுநேரம் மறந்திருக்கிறான்! துணிவு என்பது ஒருமுறை கொள்ளப்பட்டு முடிவதன்று, நாள்தோறும் புதிதாகக் கொள்ளப்படவேண்டியது என்னும் உளவியலுண்மையே பனியனின் பலம்.

தமிழ்க் காப்பியத் தலைவனோ தன்னேரில்லாதவன். அவன் தவறி விழுந்து எழுவதற்கு நமது இலக்கணம் இடம் வைக்கவில்லை. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களில் விரியும் நூலில், பயணியின் தடுமாற்றங்கள் செவ்விய விருத்தங்களின் ஓசையில் அமிழ்ந்துபோகும் இடங்கள் பல. கலங்குபவனின் மூச்சு அவ்வோசையிற் கேட்பதில்லை. கதை குறைவின்றி நடக்கிறது. நெஞ்சின் போராட்டம் வருணனையாகிவிடுகிறது. இதனைக் கவிஞரின் குறைபாடு என்பதிலும், அவர் தெரிந்துகொண்ட வடிவத்தின் எல்லை என்பதே பொருத்தம்.

இதே வடிவம் பெருவெற்றி காணும் இடமும் உண்டு. பனியனிடத்து இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்திற் கிருஷ்ணபிள்ளை விரித்துப் பாடுகிறார். பாடப்படுவோன் தன்னேரில்லாத் தலைவனாதலின், காப்பிய நடை இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. வைணவக் குடியிற் பிறந்து இராமகாதையிற் திளைத்த உள்ளம், தலைவனின் துயரைக் கண்டு உருகும் வகையைத் தன் பழைய மரபிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சமயம் மாறியது, பக்தியின் மொழி மாறவில்லை.

எனினும் நூலின் உயிர்நிலை, காப்பியத்தின் இடையிடையே அமைந்த 'தேவாரம்' என்னும் இசைப்பாக்களிலேயே உள்ளது என்பது என் கருத்து. கதை சொல்வோன் அங்கு விலகிக்கொள்ள, தன் தகுதியின்மையை அறிந்து அருளை இரக்கும் ஒருவனே பேசுகிறான். 1858இல், முப்பதைக் கடந்த வயதில், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. உற்றாரின் சமயத்தை விட்டு வருவதன் விலை யாதென அவர் நூல்வழி அறிந்தவரல்லர். பயணியின் வாயில் வைக்க இயலாத தளர்வை அவர் தம் வாயாலேயே பாடிவிட்டார் எனலாம். காப்பியம் மறைத்ததைப் பதிகம் வெளிப்படுத்திற்று.

ஒன்றை மாத்திரம் இங்கு குறிப்பிடவேண்டும். மாயச் சந்தையிற் பயணிகள் விலங்கிடப்படும் காட்சியைப் பனியன் எழுதியபோது, அவரை ஒறுத்த அரசும் கிறிஸ்தவ அரசே. கிருஷ்ணபிள்ளையின் காலத்திலோ ஆட்சியாளரின் சமயமே அவரது சமயமாயிருந்தது. அவருக்கு நேரக்கூடிய இழப்பு சாதியாலும் சுற்றத்தாலும் வருவது. அரசு தரும் தண்டனைக்கும் உறவினர் தரும் புறக்கணிப்புக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு தமிழ் நூலின் சந்தைக் காட்சியை எவ்வாறு மாற்றியது என்பது, இரு நூல்களையும் வரிக்குவரி ஒப்பிட முன்வரும் மாணவர் ஒருவருக்காகக் காத்திருக்கும் ஆய்வுப் பொருளாகும்.