கை பட்ட பொருள்கள்

கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையையோ மருந்துச் சிமிழையோ கயிற்றில் கோத்து இடைக்கச்சையிலிருந்து தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் கச்சைக்கு மேலே நின்று பிடித்துக்கொள்ளும் சிறிய குமிழ்தான் நெட்சுகே. தந்தத்திலோ மரத்திலோ எலி, முயல், பழம், குளிக்கும் பெண் என்று எதை வேண்டுமானாலும் செதுக்கலாம். ஆனால் துணியில் மாட்டும்படி எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் முயலின் காது முதுகோடு படியும். எலியின் வால் உடம்பைச் சுற்றிக்கொள்ளும். நல்ல நெட்சுகேயின் அடிப்பக்கமும் முகப்பைப் போலவே அக்கறையாகச் செதுக்கப்பட்டிருக்கும். விரல்களுக்காகச் செய்த சிற்பம் அது. கை படப்பட மெருகேறும்.

அப்படிப்பட்ட 264 நெட்சுகேக்கள் ஒரு குயவருக்கு வந்து சேர்ந்தது, குடும்ப வரலாற்று எழுத்துக்குக் கிடைத்த பேறு. எட்மண்ட் டி வால் இங்கிலாந்தில் பீங்கான் வனைபவர். 1991-ல் தோக்கியோவில் படித்துக்கொண்டிருந்தபோது, வாரம் ஒரு பிற்பகல் பாட்டியின் தம்பி இக்கியைப் பார்க்கப் போவார். கண்ணாடிப் பேழையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தபடி பழைய வியன்னாவைப் பற்றிப் பேசுவார் அந்தத் தாத்தா. 1994-ல் அவர் மறைந்தார். அந்த நெட்சுகேக்களின் கதையைத் தேடிப் புறப்பட்ட பேரனின் பயணம் தோக்கியோவிலிருந்து வியன்னா, பாரிஸ், ஒடெசா என்று பின்னோக்கி விரிந்தது. 2010-ல் ‘தி ஹேர் வித் ஆம்பர் ஐஸ்’ நூலாயிற்று.

வம்சம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரையும் தேதியையும்தான் துரத்துவார்கள். யாருக்கு யார் பிள்ளை, எப்போது கல்யாணம், எப்போது சாவு. டி வாலும் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் கேள்வி வேறு: பேழை எந்த அறையில் இருந்தது? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? யார் கை அதைத் திறந்தது? மண்ணைத் தொட்டே பிழைத்தவருக்கு மட்டும் தோன்றும் கேள்விகள் என்று நினைக்கிறேன்.

பாரிஸ் பகுதியில் புகழ்பெற்றவர்களின் நெரிசல் அதிகம். நெட்சுகேக்களை 1870களில் வாங்கிய சார்ல் எஃப்ரூசி, ரெனுவாரின் படகு விருந்து ஓவியத்தில் பின்னால் உயரத் தொப்பியோடு நிற்பவர். எனக்கு அதைவிட வியன்னா பெரிது. 1899-ல் சார்ல் அவற்றைத் தம் உறவினர் விக்டருக்குக் கல்யாணப் பரிசாக அனுப்பினார். விக்டரின் ரிங்ஷ்ட்ராசெ வீதி மாளிகையின் பளிங்குக் கூடங்களில் அவற்றுக்கு இடமில்லை. விக்டரின் மனைவி எம்மி உடுத்திக்கொள்ளும் அறைக்குப் போயின. அம்மா அலங்காரம் செய்துகொள்ளும் நேரத்தில் குழந்தைகள் ஆளுக்கொன்றை எடுத்து விளையாடுவார்கள். இக்கி அந்தக் குழந்தைகளில் ஒருவர். இந்தச் சிறிய அறையை டி வால் கட்டி எழுப்பும் பக்கங்களுக்காகவே நூலைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

1938 மார்ச்சில் நாஜிகள் வந்தார்கள். யூதக் குடும்பத்தின் வீடு, வங்கி, ஓவியம், நூலகம் எல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டு விக்டர் இங்கிலாந்தில் மகளிடம் வந்து இறங்கியபோது, கடிகாரச் சங்கிலியில் வியன்னாப் புத்தக அலமாரியின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. நாடு பறிபோன கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

பணிப்பெண் அன்னா மட்டும் அந்த வீட்டிலேயே வைக்கப்பட்டார். மேலாடைப் பையில் மூன்று நான்காகப் போட்டுக்கொண்டுபோய், நெட்சுகேக்களைத் தம் மெத்தைக்குள் ஒளித்தார். கைக்குள் அடங்கும்படி செதுக்கியவை ஆயிற்றே! போர் முடிந்து விக்டரின் மகளும் டி வாலின் பாட்டியுமான எலிசபெத் திரும்பி வந்தபோது, எல்லாவற்றையும் ஒப்படைத்தார். வங்கிக்காரர்களின் ரசீதும் விருந்தும் விலாவாரியாகக் கிடைக்கிற நூலில், இவர் வெறும் அன்னா. முழுப் பெயர் இல்லை. பாட்டியிடம் கேட்காமல் விட்டதை டி வால் மறைக்காமல் எழுதுகிறார். இட்டுக்கட்டி அந்த இடத்தை நிரப்பவும் இல்லை. அவர் கைநேர்மைக்கு எனக்கு இதுவே சான்று.

பிறகு, 2018-ல், 79 நெட்சுகேக்களை டி வால் குடும்பத்தார் ஏலத்தில் விற்று, பணத்தை அகதிகளுக்கு உதவும் அமைப்பொன்றுக்குக் கொடுத்தார்கள். பெரும்பகுதி வியன்னாவின் யூத அருங்காட்சியகத்துக்கு நீண்டகால இரவலாகப் போயிற்று.