கார்ட்டூன் தொடர்களில் அண்டை வீட்டார்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளைச் சுற்றிய வாடகைக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு அடுத்த அறைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர் வசிக்கின்றனர். பெற்றோர் ஷிப்டுக்குச் சென்றபின் பிள்ளைகளுக்குத் துணை கார்ட்டூன் தொடர்களே. அவற்றை ஒரே சொல்லில் ஹராம் என ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. அவை எத்தகைய அண்டை வீட்டாரைக் காட்டுகின்றன என்பதே நம் வினா.

2008இல் வந்த சோட்டா பீம் லட்டு தின்று வலிமையால் வெல்கிறான். தோழமைக்கு அங்கே குறைவில்லை. ஆயினும் அவனுடைய நெருங்கிய கூட்டாளிகளுள் முஸ்லிம் பிள்ளை இல்லை.

மலேசியாவின் ‘உப்பின் இப்பின்’ 2007இல் ரமளான் நோன்பைச் சிறாருக்குச் சொல்ல எடுக்கப்பட்டது. தொடக்க அத்தியாயங்களின் அசைவூட்டம் சற்று முரடுதான். எனினும் யதீம்களான அவ்விரட்டையரின் வகுப்பில் சீனச் சிறுமி மெய் மெய் இருக்கிறாள். கிராமத்தில் முத்துவின் உணவுக்கடை இருக்கிறது. சீக்கியச் சிறுவன் ஜர்ஜித் மலாய்ப் பந்துன் சொல்லிச் சிரிக்கவைக்கிறான். இவர்களுக்காக அத்தொடர் தன் தீனை மறைத்துக்கொள்ளவும் இல்லை.