குலிஸ்தானில் மலர் பறிப்போர்

பாரசீகப் பெருங்கவிஞர் ஷைகு ஸஅதீ (ரஹ்) அவர்களின் குலிஸ்தான் ஹிஜ்ரி 656இல், அதாவது கி.பி. 1258இல் நிறைவுற்றது. மங்கோலியர் பக்தாதை அழித்த ஆண்டும் அதுவே. அப்பாஸியரின் தலைநகர் வீழ்ந்த அவ்வாண்டில், மாந்தர் எங்ஙனம் வாழ்தல் வேண்டும் என்பதை ஷீராஸ் நகரத்துக் கவிஞர் எட்டு இயல்களில் கதைகளாகச் சொல்லிவைத்தார். பின்னர் அந்நூல் இந்திய மதரஸாக்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று.

தோட்டத்து மலர் சில நாள்களில் வாடிவிடும், தம்முடைய மலர்வனமோ வாடாது என்று முன்னுரையில் ஸஅதீ பெருமிதம் கொள்கிறார். ஆனால் அவ்வனத்து மலர்களையும் வாடச் செய்யும் வழி ஒன்றை நாம் கண்டுபிடித்துவிட்டோம். கதையை மறந்து, நீதியை மட்டும் பறித்துக்கொள்வதே அவ்வழி.

நூலின் முதற் கதையையே எடுத்துக்கொள்வோம். கைதி ஒருவனைக் கொல்லுமாறு அரசர் ஆணையிடுகிறார். உயிர்மேல் நம்பிக்கையற்ற அவன், தன் தாய்மொழியில் அரசரை ஏசுகிறான். அவன் சொல்வது யாதென அரசர் வினவ, நல்லுள்ளம் படைத்த அமைச்சர் ஒருவர், கோபத்தை அடக்கி மன்னிப்போரைப் புகழும் திருமறை வசனத்தை ஓதுகிறான் என்கிறார். அரசர் மனமிரங்கி உயிர்ப்பிச்சை அளிக்கிறார். அவருக்குப் பகைவரான மற்றோர் அமைச்சரோ, அரசவையில் உண்மையன்றிப் பிறிது பேசலாகாது என்று தொடங்கி, கைதி ஏசியதைப் போட்டு உடைக்கிறார். அந்தப் பொய்யே இந்த உண்மையினும் தமக்கு உவப்பானது என்று அரசர் முகம் சுளிக்கிறார்.

நன்மைக்கான பொய் தீமைக்கான உண்மையினும் மேல் என்னும் நீதி இங்குப் பிறந்ததே. சரக்கின் குறையை மறைக்கும் வணிகரும், கணக்கைத் திரிக்கும் பொறுப்பாளரும் இன்று அதனைத் தமக்குக் கவசமாக்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் கதை கூறுவது என்ன? பொய் சொன்னவர் அதனால் ஒரு காசும் பெறவில்லை. பிறனுடைய உயிரைக் காக்கத் தம்மையே இடருக்கு உட்படுத்திக்கொண்டார். உண்மை சொன்னவரோ பகை தீர்த்துக்கொள்ள வாய்ப்புத் தேடியவர். அப்பொய்யைப் பொறுத்துக்கொண்டவரும் வேறெவரோ அல்லர், ஏசப்பட்ட அரசரே. இம்மூன்றும் பொருந்தாத இடத்தில் அந்நீதிக்கு வேலையே இல்லை. வள்ளுவரும் பொய்ம்மைக்கு இடமளிக்குமிடத்துக் குற்றமற்ற நன்மை என்னும் வேலியை இட்டே அளித்தார். வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயலைக் குறை கூறுதல் முறையன்று.

கல்வியைப் பற்றிய ஏழாம் இயலும் இவ்வாறே முழுமையாகப் படிக்கத்தக்கது. பயிற்சியின் பயனை விளக்கவந்த அவ்வியல், எவ்வளவு முயன்றும் கல்வி ஏறாத ஓர் அமைச்சர் மகனின் கதையோடு தொடங்குகிறது! அடுத்த கதையிலோ, பொன்னும் வெள்ளியும் நிலையா. கைத்தொழில் வற்றாத ஊற்று என்று தந்தை ஒருவர் மக்களுக்கு அறிவுறுத்துகிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே ஸஅதீயின் கருத்து விளங்கும். எல்லாருக்கும் எல்லாக் கல்வியும் வாய்ப்பதில்லை. எனினும் உழைத்துண்ணும் திறன் ஒன்றையேனும் தராமல் பிள்ளையை உலகில் விடுதல் பெற்றோர்க்குக் குற்றமாகும். முதற் கதையை மட்டும் பறித்துக்கொண்ட ஆசிரியர், இவன் தேறமாட்டான் என்று ஒரு பிள்ளையின் வாழ்வையே மூடிவிடக்கூடும்.

இத்தனை சொன்னபின், ஸஅதீயின் குறையை மறைத்தலும் நேர்மையாகாது. அவ்வியலிலேயே கடுமையான ஆசிரியர் நீக்கப்பட்டு மென்மையானவர் அமர்த்தப்பட, பிள்ளைகள் கற்றதையும் மறந்து திரிந்தனர் என்றொரு கதை வருகிறது. பிரம்பின் பக்கமே கவிஞர் நிற்கிறார். இங்கு நாம் அன்னாரோடு உடன்படுவதற்கில்லை. அச்சத்தால் மனனம் செய்விக்கலாம். கற்றலில் காதலை உண்டாக்க இயலாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துள்ளது. ஏழு நூற்றாண்டுப் பழமை ஒரு தவற்றைச் சரியாக்கிவிடாது.

ஆக, குலிஸ்தானை மதிப்பதென்பது அதன் வரிகளைச் சுவரில் எழுதி வைப்பதன்று. ஒவ்வொரு நீதியிடமும், உன்னைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், அதனால் இழந்தவர் யார் என்று கேட்டுப் படிப்பதே மதிப்பாகும். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவனை எவரும் பொன்மொழி காட்டி ஏமாற்ற முடியாது.