காலப் பொறியும் நடிகர் முகமும்

காலத்தைக் கடந்து செல்லும் கதையைப் படமாக்கப் பெரும்பொருள் வேண்டும் என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. பொருள் மிகுந்தால் பொறி பெரிதாகிறது. பொருள் குறைந்தால் அப்பொறியின் வேலையை நடிகரின் முகம் ஏற்றுக்கொள்கிறது. குகைத் தோழர் வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அங்கே பொறி ஏதுமில்லை. உணவு வாங்கச் சென்றவரின் கையிலிருந்த பழைய வெள்ளிக்காசே கழிந்த காலத்தை ஊராருக்கு அறிவித்தது என்பர் விரிவுரையாளர். காசும், அதைக் கண்டு திகைத்த முகங்களுமே போதுமானவையாயின.

இவ்வளவுகோலைக் கொண்டு சில படங்களை நோக்குவோம். 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிரைமர்’ ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் உருவானது. ஷேன் கரூத் என்பவரே எழுதி, இயக்கி, இசையமைத்து, முதன்மைப் பாத்திரமாகவும் நடித்தார். அதில் காலப் பொறி என்பது வெறும் பெட்டிதான். நண்பர் இருவர் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கும் பார்வையிலேயே நாம் காலத்தின் குழப்பத்தை உணர்கிறோம்.

2020இல் ஜப்பானின் ‘யூரோப் கிகாகு’ நாடகக் குழுவினர் நடித்த 70 நிமிடப் படமொன்று கைப்பேசியால் எடுக்கப்பட்டது. கியோட்டோ நகரத்துச் சிற்றுண்டிச் சாலையொன்றின் திரையில், இரண்டு நிமிடத்திற்குப் பின் நடக்கவிருப்பது தெரிகிறது. திரையில் தாம் பேசக் கண்ட சொல்லை நடிகர்கள் சற்றுப் பொறுத்து அவ்வாறே பேசியாக வேண்டும். மேடையில் கூடிப் பழகியவர்க்கன்றி இஃது எளிதில் கைவருமோ?

தமிழில் இவ்வழிக்கு நற்சான்று, ஆர். ரவிக்குமார் இயக்கி 2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’. 2065இலிருந்து அனுப்பப்படும் பொறி, பிழைப்புக்கு வழி தேடும் இருவரிடம் சிக்குகிறது. தொலைந்த பொருளைக் கடந்த காலத்திற் சென்று கண்டறிந்து, சோதிடம் என்று சொல்லிக் காசாக்குகின்றனர். நம் மண்ணின் மணமுள்ள கற்பனை இது! விஷ்ணு விஷாலும் கருணாகரனும் அடுத்த தெருவில் காணும் இளைஞரைப் போல் இருப்பதே படத்தின் வலிமை. புகழ்பெற்ற ஆர்யா சிறு வேடத்தோடு விலகிக்கொள்கிறார். அவர்களது சிறு தலையீட்டால், இறந்திருக்க வேண்டிய ரவுடி உயிர்பிழைக்கிறான். அற்பமெனக் கருதிய செயலின் பெரும்பயனைக் கருணாகரனின் மருண்ட விழிகள் உணர்த்துகின்றன. பிற்பகுதி வழக்கமான துரத்தலாகிச் சுருங்குவது குறையே.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) சிறு செலவுப் படமன்று. எனினும் அதன் உயிர்நிலை நாம் கூறும் இலக்கணத்தையே சார்ந்தது. முதலமைச்சரைக் கொல்லும் சதியில் அப்துல் காலிக் என்னும் இளைஞன் குற்றவாளியாக்கப்படுகிறான். கொல்லப்படுகிறான், மீண்டும் அதே நாளில் விமான இருக்கையில் விழிக்கிறான். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தும் சலிப்புத் தட்டாமைக்குக் காரணம், சிலம்பரசனின் வளரும் தெளிவும், எஸ்.ஜே. சூர்யாவின் பெருகும் எரிச்சலுமே.

சுழலும் காலத்தை ஒரகடத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை. 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்ட ஊர் இது. நகரும் வரிசையின் முன் நின்று ஒரே திருகை ஒரே இடத்தில் நாள்தோறும் முடுக்கும் தொழிலாளி, அந்த விமான இருக்கையை நன்கறிவார். ஆனால் அவருக்கும் காலிக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையில் நாள் திரும்புவது போலத் தோன்றினும் வயது திரும்புவதில்லை.

‘மாநாடு’ நம் நெஞ்சைத் தைப்பதும் அவ்விடத்திலேதான். பெயரையே சான்றாகக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்குவது எத்துணை எளிது என்பதைப் படம் காட்டுகிறது. காலிக்குக்குப் பழி வருமுன் நின்று தடுக்க மறுவாய்ப்புகள் கிடைக்கின்றன. வெளியே வாழும் காலிக்குகளுக்கு அவ்வாய்ப்பில்லை. சிறை சென்றவன் நிரபராதி எனத் தீர்ப்புப் பெற்று மீண்டாலும், கழிந்த இளமையை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

ஆகவே, காலத்தைத் திருப்பும் கதைகளை வீண்பொழுது என ஒதுக்க வேண்டா. திருப்ப முடியாதது எது என்பதை அவை நினைவூட்டுகின்றன. அதனை உணர்த்தப் பெரும்பொறி வேண்டியதில்லை. உண்மையாக நடிக்கத் தெரிந்த ஒரு முகம் போதும்.